லீவுக்கு வருகிற மனிதர்

என் கணவரின் சம்பளம் எவ்வளவு என்று எங்கள் ஊரான பீடோங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ரிங்கிட் கூட அவர்களுக்குத் தெரியும். கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போதும், பாசாரில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும், "ஆர்மில காஜி ஏத்திட்டாங்களாமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். வாத்தியார் மனைவியிடமோ லாரி ஓட்டுகிறவர் மனைவியிடமோ இப்படி யாரும் காஜியைப் பற்றி விசாரித்து நான் பார்த்ததில்லை. பட்டாளத்துச் சம்பளம் மட்டும் ஊர்ப் பொதுச் சொத்து. கேட்டுவிட்டு இரண்டில் ஒன்று சொல்வார்கள். ஒன்று, உனக்கென்ன, கவர்மெண்ட் காசு. இல்லையென்றால், இதுக்காகவா அவ்வளவு தூரம் போய்க் கிடக்கிறார். இரண்டையும் ஒரே வாய் ஒரே வாரத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்.

நான் சிரித்து மழுப்பிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். அந்தச் சம்பளம் நியாயமா இல்லையா என்பதைப் பற்றி எனக்கும் ஓர் எண்ணம் உண்டு. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே சொல்லி முடிக்கிற எண்ணம் இல்லை அது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது அவர் பட்டாளத்தில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நம் ஆட்களில் யார் ஆர்மிக்குப் போகிறார்கள் என்று என் அப்பாவே யோசித்தார். செமிலிங் பக்கத்தில் எஸ்டேட்டில் செம்பனைக் குலை சுமந்த மனிதர் அவர். கடைசியில், மாதம் பிறந்தால் தவறாமல் சம்பளம் வரும், குடிக்கிற பழக்கம் இல்லை என்று சொல்லிச் சம்மதித்தார். இரண்டும் உண்மை. இன்றுவரை ஒரு மாதம் கூடச் சம்பளம் தவறியதில்லை. அந்த விஷயத்தில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

கல்யாணம் முடிந்ததும் அவரைச் சரவாக் எல்லைக்கு அனுப்பினார்கள். முதல் லீவு எப்போது வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முகாமில் ஒரு வழக்கம். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் வீட்டுக்குப் போக, இவரும் சீனர்களும் காவல் நிற்பார்கள். தீபாவளிக்கு அவர்கள் இவருக்காக நிற்பார்கள். நல்ல வழக்கம்தான். அந்த வருஷம் இவர் பெருநாளுக்கு நின்றுவிட்டார். ஆனால் தீபாவளி நேரத்தில் ஆள் பற்றாக்குறை வரும் என்று சொல்லி, அதற்குப் பதில் லீவை முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். ஆடி மாதத்தில்.

புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆடியில் பிரித்து வைப்பது வழக்கம். அவர் வந்து இறங்குவதற்குள் அம்மா ஒரு கூடையோடு வந்து என்னை எஸ்டேட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், வெயில் தாங்காது என்பது கணக்கு. இந்த ஊரில் சித்திரை எது, மார்கழி எது? வருஷம் முழுக்க முதுகு வேகிற வெயில். ஆனாலும் சம்பிரதாயம் கப்பலேறி வந்தபோது வெயிலையும் கூடவே கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவர் ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மா தேநீரும் முறுக்கும் வைத்தார். நான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தேன். ஆடி கழியட்டும் மாப்பிள்ளை, நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்று அப்பா மரியாதையாகச் சொன்னார். ஆடி கழிவதற்குள் லீவு முடிந்துவிடும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் வாய் வரவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்தே அவருக்கு நாற்காலி போட ஆரம்பித்துவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டாளத்தில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குடும்பத்தோடு போய் இருக்கலாம். பலர் இருக்கிறார்கள். ஆனால் என் மாமியார் பீடோங்கை விட்டு அசைய மாட்டேன் என்றார். முழங்கால் வலி, கோயில், பக்கத்துத் தெருவில் மூத்த மகன். எனக்கும் கையுறைத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகியிருந்தது. பிறகு மகள் பிறந்தாள், தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தாள். ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டன. மாமியார், மகள், நான் என்று மூன்று பேரின் வீடாக அது ஆயிற்று.

தனிமை என்றால் பெரிதாக அழுது புரண்டதில்லை. ஷிப்டு முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கி, தலையில் ரப்பர் வாடை போகக் குளித்துவிட்டு, ஈரத்துணியைப் பின்பக்கம் காயப்போடும்போது அது வரும். பக்கத்து வீட்டில் கணவன் மனைவி சண்டை போடுவது கேட்கும். யார் காலியான கேஸ் தோம்பை மாற்றுவது, யார் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது என்கிற அற்பச் சண்டை. எனக்குப் பொறாமையாக இருக்கும். சண்டை போட ஆள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கொழுப்பு என்பார்கள்.

அவர் போன் செய்தால் கூடத்து மேசையில் ஸ்பீக்கரில் போடுவது எங்கள் வீட்டு முறை. அவர் இருக்கும் எல்லைக் காவல் இடத்தில் ஒரு மேட்டில் ஏறினால்தான் லைன் கிடைக்கும். மாமியார் முதலில் பேசுவார், மகள் பரீட்சையைப் பற்றிச் சொல்வாள், மூத்தவர் வந்திருந்தால் அவரும் நலம் விசாரிப்பார். என் முறை வரும்போது லைன் கரகரக்கும். சாப்பிட்டீர்களா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பார். புருஷன் பெண்டாட்டி பேச்சு அவ்வளவுதான்.

லீவில் வந்தால் திருவிழா. மாமியார் வாசலிலேயே நிறுத்தி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். காற்றாடிக்கு நேர் கீழே அவருக்கென்று ஒரு நாற்காலி. விளிம்பு வைத்த பெரிய தட்டு, மற்ற நாட்களில் அலமாரியின் மேல்தட்டில் கவிழ்ந்து கிடக்கும், அவருக்காக இறங்கும். ஒருநாள் ஆட்டுக்கறி, ஒருநாள் நண்டு. காட்டில் கிடந்து வருகிற பிள்ளை, இங்கேயாவது உட்காரட்டும் என்று ஒரு டம்ளர் தண்ணீர் கூட அவரை எடுக்க விடமாட்டார்கள். சொந்தக்காரர்கள் முறை வைத்து விருந்துக்கு அழைப்பார்கள். மகள் அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். அவளை அப்படி யாரும் பழக்கவில்லை. தலைமையாசிரியர் வந்தால் எழுந்து நிற்கிற மாதிரி தானாகவே நின்றாள். எல்லாம் பிரியத்தில் செய்ததுதான். நானும் செய்தேன்.

போன வருஷம் ஒரு கணக்கு முடிவுக்கு வந்தது. இவ்வளவு காலம் என்று போட்ட முதல் ஒப்பந்தம் தீர்கிற நேரம். அதோடு வெளியே வரலாம், ஆனால் பென்சென் கிடையாது. இன்னும் பல வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் பென்சென். எதுவாக இருந்தாலும் லீவு முடிந்து போனதும் சொல்லவேண்டும் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் வந்த மறுநாளே கூடத்தில் பஞ்சாயத்து கூடிவிட்டது.

அவருடைய அண்ணன் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு எல்லாமே கூலிக் கணக்கு. ஃபேக்டரியில் ஓவர்டைம் அடித்தால் இந்தக் காசு வந்துவிடும், ராத்திரி பெண்டாட்டி பிள்ளையோடு தூங்கலாம், குண்டுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நிற்க இந்தச் சம்பளம் எந்த மூலைக்கு என்றார். அவர் மனைவி, கேம்ப்பில் சாப்பாடு சும்மா, உடுப்பு சும்மா, ஆஸ்பத்திரி சும்மா, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா என்றார். பக்கத்து வீட்டுக்காரர், காட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதுவே அதிகம் என்று சொல்லிவிட்டு, தமாஷ் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேர் வாயிலும் என் கணவருக்காகச் சமைத்த ஆட்டுக்கறி இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

கடைசியில் மாமியார் ஒரே போடாகப் போட்டார்.

"பென்சென் விடக்கூடாதுப்பா. நாளைக்கு உனக்கே ஒண்ணு ஆயிட்டாலும் இவளுக்கு வந்துகிட்டு இருக்கும்லா."

எல்லாரும் தலையாட்டினார்கள். பெற்ற தாய் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் இல்லாமல் அவருடைய காசு மட்டும் வருவது எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அதைத்தானே வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்றே முடிவு செய்தேன். வாயைத் திறந்து கேட்டுவிடுவது. ஆனால் அந்த வீட்டில் தனியாகப் பேச ஏது இடம்? நெத்திலி வாங்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லி, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவரோடு மோட்டாரில் தஞ்சோங் டாவாய்க்குக் கிளம்பினேன். நெத்திலி பீடோங்கிலேயே கிடைக்குமே என்று மாமியார் கேட்டார். அங்கே நல்லதாகக் கிடைக்கும் என்றேன். செமிலிங், மெர்போக் தாண்டி ஆற்று முகத்துவாரத்துக்குப் போனோம். கருவாட்டுக் கடைகளுக்குப் பின்னால் படகுத்துறை. அக்கரைக் கடற்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுகள் போய் வந்துகொண்டிருந்தன. சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அண்ணன் சொல்றது, அத்தை சொல்றது எல்லாத்தையும் விடுங்க. நீங்க கையெழுத்துப் போடாதீங்க. வீட்டுக்கு வந்துருங்க. காஜி கம்மியா இருந்தாலும் நான் சமாளிச்சுக்கறேன். எனக்கு நீங்க வேணும்."

இப்படி ஒரு வாக்கியத்தை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு வெட்கமாக இருந்தது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுட்டேன்" என்றார். "இங்க கிளம்பறதுக்கு முன்னாடியே."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்படியென்றால் அந்தப் பஞ்சாயத்து, அந்த ஆட்டுக்கறி, எல்லார் வாயையும் அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் எதற்கு? பென்செனுக்காகவா போட்டீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன். காசுக்காக என்றால் மனுஷனுக்குப் புரிகிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அங்க காலைல எந்திரிச்சா என்ன செய்யணும்னு தெரியும். என்னைத் திட்ட ஆள் இருக்கு, நான் திட்டவும் ஆள் இருக்கு. இங்க வந்தா நாற்காலியில உக்கார வச்சுர்றீங்க. பிள்ள எந்திரிச்சு நிக்குது. அவங்க காஜியப் பத்திப் பேசறாங்க. எனக்குப் பயமா இருக்குலா. ஒரேடியா வந்துட்டா நான் இங்க என்ன செய்வேன்?"

இவ்வளவு நாளும் காத்திருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். தனியாக இருந்ததும் நான்தான் என்று நினைத்திருந்தேன். அவர் எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டே தனியாக இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எதையும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது, சொல்லாமல் கறி தின்றது, எல்லாவற்றுக்கும் கோபம். நெத்திலியை வாங்கிக்கொண்டு மோட்டாரின் பின்னால் உட்கார்ந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கேயாவது ஒதுங்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். இருவரும் தெப்பலாக நனைந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று விருந்து ஏதும் இல்லை. மாமியாருக்கு முழங்கால் வலி, படுத்திருந்தார். நான் சமைத்தேன். கோபத்தோடு அரிசியைக் கழுவி, கோபத்தோடு தண்ணீர் ஊற்றினேன். எல்லாரும் சாப்பிட வந்தபோது மாமியார் வழக்கம்போலப் பெரிய தட்டைக் காட்டினார். நான் அதை எடுக்கவில்லை. அவருக்கும் எங்களைப் போலச் சாதாரணத் தட்டு வைத்துத் தரையில் உட்காரச் சொன்னேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். என் கணவர் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார்.

"சோறு குழைஞ்சு போச்சு" என்றார்.

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அதுவரை என் சமையலில் அவர் ஒரு குறை சொன்னதில்லை. எதை வைத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார், விருந்தாளி வேறென்ன சொல்வான். எனக்குச் சுருக்கென்றது. உடனே சந்தோஷமாகவும் இருந்தது. அதை வெளியே காட்டாமல், "அப்ப நாளைக்கு நீங்க ஆக்குங்க" என்றேன்.

புருஷனை அடுப்படிக்கு விரட்டுகிறாள், லீவில் வந்த பிள்ளைக்கு நிம்மதி இல்லை என்று மாமியார் மறுநாள் காலை வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மறுநாள்தான் லீவின் கடைசி நாள். அவர் நிஜமாகவே அடுப்படிக்குப் போனார். எங்கள் ரைஸ் குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று மூடினார். பொங்கலுக்கு எடுக்கிற பெரிய பானையைத் தேடிக் கண்டுபிடித்து அடுப்பில் ஏற்றினார். எல்லையில் அவர்கள் முறை போட்டுச் சமைப்பார்களாம். நான் வேண்டுமென்றே உள்ளே போகவில்லை. கூடத்தில் மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் எழுந்து போகப் பார்த்தார், கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"என்னப்பா நீ! ஊருக்கே ஆக்கியிருக்க?"

நீ என்கிறாள். நான் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். பானை நிறையச் சோறு. மூடி மேலே எழும்பி நின்றது, ஓரத்தில் கஞ்சி வழிந்து அடுப்பெல்லாம் வெள்ளை. ஒரு முகாமே பந்தி போட்டுச் சாப்பிடலாம். அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தப்புச் செய்த பையன் போல நின்றார்.

"கை தானா போட்டுருச்சு" என்றார். "நாலு பேருக்கு எவ்வளவு அரிசின்னு தெரியல."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது முந்தின நாள் குழைந்த சோறு ஞாபகம் வந்தது. அதற்குக் கோபம் காரணம் இல்லை. எனக்கு மூன்று பேருக்கு அளக்கத்தான் தெரியும். விருந்துக்கு மாமியார் அளப்பார். நாலாவது ஆளுக்கென்று உத்தேசமாக ஒரு பிடி போட்டு, உத்தேசமாகத் தண்ணீர் விட்டு, இரண்டும் தவறிவிட்டது. நாலு பேருக்கு எவ்வளவு என்று எனக்கும் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, எங்கள் வீட்டுக்கு ஆகும் அரிசியின் அளவு எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

சம்பளம் நியாயமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். அவர் செய்கிற வேலைக்கு என்ன கொடுக்கலாம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். கூடக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இங்கே எங்கள் அடுப்படியில் கெட்டுப்போனதற்கு எந்தச் சம்பளத்திலும் இடம் கிடையாது. அதைக் கெடுத்ததில் பாதி நாங்களும்தான், நாற்காலி போட்டு, பெரிய தட்டு வைத்து.

அன்று அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். பருக்கை பருக்கையாக, நன்றாகத்தான் வந்திருந்தது. மாமியார் முதலில் வேண்டாம் என்றார், பிறகு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். மகன் கையால் சமைத்து அவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் கணவர் தட்டுகளை எடுத்துப்போய்க் கழுவினார். நான் தடுக்கவில்லை. குழாயடியில் அவர் பக்கத்தில் நின்று, நீங்கள் சோப்பை அதிகம் செலவழிக்கிறீர்கள் என்று ஒரு சின்னச் சண்டை போட்டேன். அவரும் பதிலுக்கு ஏதோ சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் அவருடைய அண்ணன் காரில் அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். மகள் எழுந்து நிற்கவில்லை, ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பானையில் இன்னும் பாதிச் சோறு இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்து, தஞ்சோங் டாவாயில் வாங்கிய நெத்திலியை வறுத்து, மூவரும் அதையே சாப்பிட்டோம். அடுத்த நாளும் சாப்பிட்டோம். கடைசிப் பிடியை நான் நின்றுகொண்டே அடுப்படியில் தின்றுவிட்டுப் பானையைத் தேய்த்துக் கவிழ்த்தேன்.

அன்று சாயங்காலம் மறுபடியும் குக்கரில் அரிசி போட்டேன். மூன்று பேருக்கு. அளவு பார்க்கவே தேவைப்படவில்லை. சோறு குழையாமல் சரியாக வந்திருந்தது.